சிரித்துக்கொண்டே போனார் என்று நான் சொன்னது

குட்டிவாப்பா, என் கண்ணு ரசீதுக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. நான் இங்கே மேலப்பாளையத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன். நீயும் சார்ஜாவில் சுகமாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், அல்லாஹ் அப்படியே வைக்கட்டும், ஆனால் அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்கிறாய் பார், அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, சுகமாக இருக்கிறவன் எதற்குச் சிரித்துக் காட்ட வேண்டும். நான் அஞ்சாவதோடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும், நிறுத்திப் படி. பக்கத்து வீட்டு அலி அஸ்கர் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை பிளைட் ஏறுகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான், நான் போனை எடுத்தால் உன் ஷஃபீகா மாமி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். உன் வாப்பா போன பிறகு நான் வெளியே வராமல் இருக்கிற இந்த இத்தா முடியும்வரை எனக்குத் துணை என்று முக்கூடலில் இருந்து வந்தவள், துணைக்கு வந்தாளா காவலுக்கு வந்தாளா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இத்தா முடிய இன்னும் நாற்பத்திரண்டு நாள் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை நீ கேட்டாய், இத்தாவுல இருந்துக்கிட்டு டிவிய அலற விடுதீங்களாமே உம்மா, அதுவும் சிரிப்பு நாடகமாமே, மாமி அழுவுதாங்க, டிவிய அவங்க வீட்டுக்கே குடுத்திரட்டுமா என்று. சரிப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். எங்க காக்கா கபுரு மண்ணு இன்னும் காயல, இவளுக்குச் சிரிப்பாணி கேக்குது என்று உன் மாமி கூடப்பிறந்தவரை நினைத்துத் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள். டிவிக்குள்ள அன்னிய ஆம்பளைங்க வாராங்க, இத்தாவுல அவங்க மொகத்தப் பாக்கலாமா என்று என்னிடமே கேட்டாள். அதே மாமிதான் நேற்று தொழுது முடித்துப் பாயைச் சுருட்டும்போது, அந்த நாடகத்துல மருமவன் திரும்ப வீட்டுக்கு வந்துட்டானா என்று பைய விசாரித்தாள். நான் சிரிப்பதற்காக டிவி போடவில்லை கண்ணு. உன் வாப்பா மவுத்தான அன்றைக்கு அடுப்படியில் என் காதில் ஒரு சத்தம் விழுந்தது. அது டிவியில் இருந்து வந்ததா உன் வாப்பாவிடம் இருந்து வந்ததா என்று கண்டுபிடிக்கத்தான் போடுகிறேன்.

அன்றைக்கு நடந்ததை உனக்கு நான் முழுசாகச் சொல்லவில்லை. அந்திக்கு மஃரிப் தொழுதுவிட்டு வந்து உன் வாப்பா டீயை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து அந்த மாமனார் மருமகன் நாடகத்தைப் போட்டார். நான் உள்ளே இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். மாப்ளே உக்காருங்க என்று மாமனார்காரன் சொல்வது கேட்டது, உடனே டிவியில் கூட்டமாகச் சிரித்தார்கள், அந்தச் சிரிப்போடு சேர்ந்து நெஞ்சில் இருந்து வருகிற மாதிரி ஒரு கனத்த சத்தமும் வந்தது. உன் வாப்பாதான் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, வயசான காலத்துல என்ன சிரிப்பாணி, எந்திரிச்சுச் சாப்பிட வாங்க என்று அங்கிருந்தே சத்தம் போட்டேன். இன்னும் இரண்டு தட்டு பிழிந்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன். எல்லாம் முடிந்திருந்தது. ஆட்கள் கூடி என்ன ஆச்சு என்ன ஆச்சு என்று கேட்டபோது, சிரிச்சுக்கிட்டிருந்தாரு, அப்படியே போயிட்டாரு என்று என் வாயில் வந்துவிட்டது. உன் மாமி அதைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னாள், பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் நல்ல மவுத் என்றார். நீயும் உன் ரூமில் எல்லாரிடமும் எங்க வாப்பா சிரிச்சுக்கிட்டே போனாங்க என்று சொல்லி ஆறுதல் பட்டுக்கொள்கிறாயாம், அலி அஸ்கர் சொன்னான். அதைக் கேட்ட நாளில் இருந்துதான் எனக்கு உறக்கம் இல்லை. நான் ஒருத்தி நினைத்துச் சொன்னதை ஊரே நம்பிவிட்டது, ஒருத்தரும் என்னிடம் நீ கண்ணால பாத்தியா என்று கேட்கவில்லை.

சண்டைப் படத்தையும் நான் விடவில்லை. உன் வாப்பா உயிரோடு இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்குச் சண்டைப் படம் வேண்டும், அதில் ஒரு இடத்தையும் நம்பவும் மாட்டார். முப்பது வருஷம் கேட் வெல்டிங் வைத்த ஆள் அல்லவா, கதாநாயகன் கேட்டை உதைத்துத் திறந்தால், லே, நாலு எடத்துல வெல்டு வச்ச கேட்டுலே அது, உன் காலுதான் ஒடியும் என்று டிவியைப் பார்த்துச் சொல்வார். நான் அப்போது பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பாதிப் பார்வைதான் பார்ப்பேன். இப்போது முழுசாகப் பார்க்கிறேன், எனக்கும் ஒன்றிலும் நம்பிக்கை வரவில்லை. காரை ஏற்றித் தக்காளிக் கடையை நசுக்கிக்கொண்டு போகிறார்கள், அந்தக் கடைக்காரி அப்புறம் என்ன ஆனாள் என்று ஒரு படத்திலும் காட்டவில்லை. அடி வாங்கி விழுகிறவனுக்கு வீடு வாசல் பெண்டாட்டி இருக்காதா, அவளுக்கு யார் போய்ச் சொல்வார்கள். சாகிற இடம்தான் பெரிய பொய். குத்துப்பட்டவன் தங்கை கையைப் பிடித்துக் கொடுத்து, செய்த தப்பை ஒத்துக்கொண்டு, அம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லி, பிறகுதான் தலையைச் சாய்க்கிறான். எட்டடி தூரத்தில் நான் நின்றிருந்தேன், உன் வாப்பா எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே. சொல்லத்தான் பார்த்தாரோ என்பதுதான் என் பயம்.

அந்தப் பயம் வந்த பிறகு தினமும் மஃரிபுக்கு மேல் அந்த நாடகத்தைச் சத்தமாக வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்று கேட்டேன். உன் மாமி அழுதது இதற்குத்தான். அதில் சிரிக்கிறவர்கள் யார் என்று எனக்குப் பெரிய சந்தேகம், அந்த நாடக வீட்டுக்குள் நாலு பேர்தான் இருக்கிறார்கள், அவர்களும் சிரிக்கவில்லை, ஆனால் கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி சிரிப்புக் கேட்கிறது. எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு ஒரு பொம்பளை மட்டும் தனியாகக் கிக்கென்று முடிக்கிறாள், தினமும் அவளேதான். எதிர்வீட்டு ஹனீன், காலேஜில் படிக்கிறாளே, அவளிடம் அந்தப் பொம்பளைக்கு வேற சோலியே இல்லையா என்று கேட்டேன். அங்க ஆளே கிடையாது சாச்சி, என்னைக்கோ பதிஞ்சு வச்ச சிரிப்ப வேணும்கிற எடத்துல ஒட்டுதாங்க என்றாள். ஆள் இல்லாத சிரிப்பைக் கேட்டுத்தான் நான் ஏமாந்தேனா. அவளிடமே தேதியைச் சொல்லி அன்றைக்கு ஓடிய நாடகத்தைப் போனில் எடுக்கச் சொன்னேன். எதுக்கு சாச்சி என்றாள், சும்மாதான் என்றேன். திங்கட்கிழமை உன் மாமி குளிக்கப் போன நேரத்தில் அவள் போனை வாங்கி உன் வாப்பா நாற்காலியில் வைத்து ஓடவிட்டுவிட்டு, நான் அடுப்படியில் அதே இடத்தில் போய் நின்றேன். மாப்ளே உக்காருங்க என்றான். கூட்டம் சிரித்தது, அந்தப் பொம்பளை முடித்தாள், பிறகு பாட்டுச் சத்தம். அவ்வளவுதான். அந்தக் கனத்த சத்தம் அதில் இல்லை. மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் இல்லை.

ஆக அது உன் வாப்பாவுடைய சத்தம்தான். இனிமேல் எனக்கு டிவி வேண்டாம், உன் மாமி தாராளமாகக் கொண்டு போகட்டும், மருமகன் வந்தானா இல்லையா என்று அவள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளட்டும். அவள் மேல் கோபப்பட்டுப் போன் போடாதே, அவளும் அண்ணனைப் பறிகொடுத்தவள். அலி அஸ்கரிடம் கல்லிடைக்குறிச்சி அப்பளம் இரண்டு கட்டு கொடுத்திருக்கிறேன், ரூமில் எல்லாருக்கும் பொரித்துக் கொடு. வெயிலில் சாரம் ஏறி வேலை செய்யும்போது தண்ணீர் குடி, எவனாவது சண்டைப் படம் மாதிரி இங்கிருந்து அங்கே தாவு என்று சொன்னால் தாவாதே. ஐந்து வக்தும் தவறாமல் தொழு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுசையும் நல்ல உடம்பையும் தரட்டும், உன் கையால் செய்கிற வேலையில் பரக்கத் தரட்டும், உன் வாப்பாவுக்காகத் துஆ செய்ய மறந்துவிடாதே.

ஒன்று மட்டும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை. ஹனீன் போனில் அந்த இடத்தைக் கண்ணாலும் பார்த்தேன். பெயிண்ட் காயாத நாற்காலியில் மாமனார் மருமகனை உட்காரச் சொல்கிறான், மருமகன் எழுந்திருக்கும்போது பின்பக்கம் பச்சைப் பச்சையாகக் கோடு விழுந்திருக்கிறது. அந்த மாமனார் மூஞ்சியைப் பார்த்தாலே உன் வாப்பாவுக்குச் சிரிப்பு வரும், அதுவும் உண்மை. உக்காரும்போது பெயிண்டு வாடை நாசியில ஏறாமலா போவும், இவனெல்லாம் ஒரு மாப்பிள்ளையா என்று முகத்தைச் சுளித்திருப்பார், அதுவும் உண்மைதான். சிரித்தார் என்றால் நான் ஊருக்குச் சொன்னது பொய்யில்லை. சிரிக்கவில்லை என்றால் அவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார், நான் இடியாப்பம் பிழிந்துகொண்டு நின்றிருக்கிறேன். நீ அவரோடு உட்கார்ந்து டிவி பார்த்தே ஆறு வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் நீ அவர் பிள்ளை, உன்னைத் தவிர நான் யாரிடம் கேட்பேன். பெயிண்ட் நாற்காலியில் ஒருத்தன் உட்கார்ந்து எழுந்ததற்கெல்லாம் உன் வாப்பா சிரிப்பாரா, ரசீது?

இப்படிக்கு
உன் உம்மா
மஹ்மூதா பீவி