இந்த வருடம் முழங்காலை மடக்கவில்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுவது. நலம் என்றுதான் ஆரம்பிக்க நினைத்தேன். ஆனால் நான் வளர்ந்துவிட்டதால் வீட்டில் ஒரே ரகளை.

போன மாதம் வகுப்பில் கையைத் தூக்கினேன், சட்டை தோளில் டர்ரென்று கிழிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். ஊருக்கெல்லாம் அளவு பிசகாமல் தைக்கிற அம்மா எனக்கு மட்டும் அண்ணனுடைய பழைய அளவில்தான் வெட்டுகிறாள். கேட்டால், "இதுக்கு மேல வளராதே" என்கிறாள். வளராமல் இருக்க நான் என்ன ஸ்டூலா?

காரணம் உங்களுக்கும் எழுதியிருக்கிறாள். நீங்கள்தான் நம்புவதில்லை. காய்ச்சலில் இறந்த அண்ணன் வீட்டை விட்டுப் போகவில்லை அப்பா. அதே பன்னிரண்டு வயதில் இங்கேதான் இருக்கிறான். சுவர் வழியாக வருகிறான், என் பென்சிலை ஒளித்து வைக்கிறான், தையல் மெஷின் மேல் உட்கார்ந்து காலாட்டுகிறான். என் பிறந்தநாளுக்கு எங்கள் இரண்டு பேரையும் சமையலறைக் கதவோரம் நிற்க வைத்து அம்மா சாக்பீஸால் உயரக் கோடு போடுவாள். அவன் கோடு ஏறுவதே இல்லை. போன வருடம் நான் அவன் கோட்டைத் தொட்டுவிட்டேன். அம்மா என் காதோரம், "முழங்காலை லேசா மடக்கிக்கோம்மா. நீ தாண்டிட்டா அவன் கோவிச்சுக்கிட்டுப் போயிடுவான்" என்றாள். மடக்கினேன்.

இந்த வருடம் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அம்மா அளவு நாடாவை வீசி எறிந்துவிட்டு அழுதாள். அண்ணன், "அடங்காப்பிடாரி, உன்னோட டூ" என்று சுவருக்குள் புகுந்துகொண்டான். எனக்கும் பயம்தான். நிஜமாகவே போய்விட்டால்? ஆனாலும் குதிகாலை ஒட்டி வைத்து நிமிர்ந்து நின்று, நானே கோடு போட்டேன். அவனைவிட இரண்டு விரல் அதிகம்.

அதற்கப்புறம் அவன் சத்தமே இல்லை. அம்மா சாப்பாட்டுத் தட்டை டங்கென்று வைத்தாள். நான் தினமும் சுவரைப் பார்த்துச் சண்டை போட்டேன். "போறதுன்னா சொல்லிட்டுப் போ. உனக்காகக் குட்டையாக மாட்டேன்" என்றேன்.

நேற்று சாயங்காலம் தலையை மட்டும் நீட்டினான். "உசரமானாலும் நீ தங்கச்சிதான். அண்ணான்னுதான் கூப்பிடணும்" என்றான். சரி என்றேன். அப்புறம் மெதுவாக, "எனக்கும் வளர ஆசைதான். ஆனா நான் மாறிட்டா, அப்பா வரும்போது அவருக்கு அடையாளம் தெரியாதே" என்றான். அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று காலை அவளே வந்து என் தோளை அளந்தாள். புதுச் சட்டையில் நான் வளர வளரப் பிரித்துவிட உள்ளே துணி மடித்து வைத்திருக்கிறாள்.

அப்பா, அவன் இறந்தபோதும் நீங்கள் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று இனிமேல் எழுதாதீர்கள், நான் படிக்க மாட்டேன். வீட்டுக்கு வர உங்களுக்குப் பயம். எங்களுக்கு இல்லையா? நாங்கள் இங்கேயேதானே இருக்கிறோம்.

வந்துவிடுங்கள். வாசலில் நாங்கள் நிற்போம். அவனை உங்களுக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும், அப்படியேதான் இருக்கிறான். பக்கத்தில் உயரமாக நிற்பவள்தான் நான்.

இப்படிக்கு,
இன்னும் வளரப்போகிற
உங்கள் மகள்