வாஞ்சியின் வாகனம்

1928 ஆகஸ்ட் 9

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று காளிகாட் டிராம் நிறுத்தத்தில் என் மோட்டார் சைக்கிள் மூச்சை நிறுத்திவிட்டது. "கண்ணோல்லியோ, தங்கமோல்லியோ, கிளம்புடீ" என்று அதன் பெட்ரோல் டாங்கியைத் தடவிக் கெஞ்சினேன். நிமிர்ந்தால் ஒரு டிராம் நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெண்டாட்டி ஜலஜாவை ஒரு நாளும் இப்படிக் கொஞ்சினதில்லை. அவள் காதுக்கு இது போகாமல் இருக்க வேண்டும்.

சீமைக்குத் திரும்பின துரை விட்டுப்போன அமெரிக்க வண்டி. எருமைக் கனம். எட்டு வருஷமாகக் கார்டன் ரீச் பட்டறைக்குப் போக வர இதுதான். பக்கத்தில் ஒட்டின சைட்கார் தொட்டியில் எதிர்வீட்டு வாஞ்சிநாதன் வருவான். அங்கேயே ரயில் ஆபீஸில் குமாஸ்தா.

ஆகஸ்ட் 21

வாஞ்சிக்குக் கண் இன்னும் மங்கிவிட்டது. புரை. அவன் ஆத்துக்காரி சுப்புலக்ஷ்மிக்கும் எனக்கும்தான் தெரியும். ஆபீஸில் கிட்டப்பார்வை என்று சொல்லி, காகிதத்தை மூக்கோடு ஒட்டிச் சமாளிக்கிறான்; புரை என்று தெரிந்தால் வேலை போய்விடும். தனியாக டிராமில் ஏறினால் அன்றைக்கே தெரிந்துவிடும். நான்தான் ஆபீஸ் படி வரை கொண்டுபோய் விடுகிறேன்.

"ஆபரேஷன் பண்ணிக்கோயேண்டா" என்றேன்.

"கண்ணுல கத்தியா? நீ பண்ணிக்கோ, நான் பாத்துண்டிருக்கேன்."

"நீ எங்கேடா பாக்கறது!"

இரண்டு பேரும் சிரித்தோம். கிதிர்பூர் தாண்டும்போது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

செப்டம்பர் 3

மழை. வண்டி கிளம்பவில்லை. தள்ளிக்கொண்டே போனேன். வாஞ்சி துரை தொட்டியை விட்டு இறங்காமல், "இன்னிக்கு சத்தமே இல்லாம நன்னா ஓடறதே" என்கிறான்.

செப்டம்பர் 17

விஸ்வகர்மா பூஜை. பட்டறையில் மிஷின்களுக்கெல்லாம் மாலை. என் வண்டியையும் வரிசையில் நிறுத்தினேன். அதற்குப் பொட்டு வைக்க வங்காளிகள் வாஞ்சியைக் கூப்பிட்டுவிட்டார்கள் – ஐயர் கையால் ஆகட்டும் என்று. நான் கை எண்ணெயைத் துடைத்துக்கொண்டு ஓடிவருவதற்குள், பளபளவென்று எதிரே தெரிந்த முன்விளக்கில் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்துவிட்டான்.

அது முன்விளக்கு இல்லை. பூஜைக்கு வந்து, குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வாஞ்சியின் ஆபீஸ் ஹெட்கிளார்க் ஹால்தார் பாபுவின் வழுக்கை.

கொல்லென்று சிரிப்பு. "உங்களைத்தான் தெய்வமா நினைக்கிறான், பாபு" என்று சமாளித்துப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. வாஞ்சியின் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தார்.

போச்சு. எல்லாம் போச்சு. பாழாப்போன வண்டிய நான் ஏன் அங்க கொண்டுபோய் நிறுத்தினேன்?

செப்டம்பர் 18

ஹால்தார் பாபு கூப்பிட்டனுப்பினார். வழுக்கையில் இன்னும் கொஞ்சம் சந்தனக் கறை. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். துர்கா பூஜை லீவில் வாஞ்சி கண்ணைச் சரிபண்ணிக்கொள்ள வேண்டுமாம். லீவுக்கு மேலே ஒரு மாசம் அவர் எப்படியாவது ஒப்பேற்றுவாராம். மாட்டேன் என்றால் ஆபீஸ் துரையிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். நல்ல மனுஷன்.

வாஞ்சியிடம் சொன்னேன். தொட்டி விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"கூட வருவியாடா, சுந்தரேசா?"

"வராம? உன்னைத் தள்ளிண்டாவது போவேன்."

அக்டோபர் 18

ஆபரேஷன் ஆயிற்று. தெரியுமா தெரியாதா, கட்டு அவிழ்த்தால்தான் சொல்ல முடியுமாம்.

அக்டோபர் 22

ஆயுத பூஜை. இன்று வண்டியைத் தொடக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். கட்டோடு கிடக்கிறவன், "வண்டிச் சத்தமே கேக்கலையே, வித்துட்டியா?" என்றான். "உன்னை வேணா விப்பேன்" என்றேன்.

டிசம்பர் 3

சோடாபுட்டிக் கண்ணாடியோடு தானே படி இறங்கி, தானே தொட்டியில் ஏறினான். சுப்புலக்ஷ்மி வாசலில் நின்று அழுதாள். எனக்கும் கண்ணில் ஏதோ தூசி.

முதல் வளைவிலேயே விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஒரு மாட்டுவண்டியை உரசிக்கொண்டு திரும்பினதும் கத்தினான்: "நிறுத்துடா! தினமும் இப்படித்தான் ஓட்டினியா? கண்ணு தெரியாததால பொழச்சேண்டா, பாவி!"

இறங்கி, டிராம் பலகையைத் தானே படித்து, ஏறிப் போய்விட்டான்.

டிசம்பர் 10

இப்போது வாஞ்சிக்குத் தினமும் டிராம்தான். மகராஜனாகப் போகட்டும்.

கிதிர்பூரில் தொட்டிப் பக்கம் திரும்பி ஒரு வேடிக்கை சொன்னேன். தொட்டி காலி. வண்டி ஒரு தயிர்க்கடைக்குள் போய் நின்றது. சட்டிகள் உடைந்தன. தயிர் நன்றாக உறைந்திருந்தது.