கண்ணாடி இல்லாத மேசை

நம் ஆபீசுக்குப் பக்கத்து அறை காலியாகிவிட்டது. இன்று காலை கதவைத் திறந்தேன். கம்பளத்தைக் கிழித்தெடுத்த தரையிலிருந்து பசை வாடை வந்தது. அந்த வாடைக்கு உன் ஞாபகம்தான் வர வேண்டுமா? வேறு யார் ஞாபகம் வரும்! நம் அறையில் பிளாஸ்டிக் தரை விரிப்பு ஒட்டிய அன்று, பசை காயும் முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நாலு காலின் தடத்தையும் பதித்து வைத்தவள் நீதானே. அது இன்னும் இருக்கிறது.

கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய்தான் இரண்டு அறைக்கும் சொந்தக்காரர். உங்க ரெண்டு பேரையும் கேட்காமல் வேறு ஆளுக்குக் கொடுக்கமாட்டேன் என்றார். உன் உடம்புக்கு முடியாமல் போய், நீ இல்லை என்றாகி இரண்டாவது மழைக்காலம் நடக்கிறது. அவர் சொன்னதை நான் திருத்தவில்லை; அறையை நம் ஆபீசோடு சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

கண்ட்ராக்டர் கைப்பேசியில் படம் படமாகக் காட்டினார். வெறும் சுவருக்குச் சாயமும் விளக்கும் மட்டும் போதுமா, தரையும் கூரையும் தடுப்பும் சேர்த்து வேண்டுமா, இல்லை கண்ணாடிக் கதவு, கம்பளம், சோபா என்று முழுதாகச் செய்யவா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தச் சண்டையை நாம் எப்போதோ போட்டு முடித்துவிட்டோமே.

அப்போதுதான் நீ கோலாலம்பூர் வேலையை விட்டு வந்திருந்தாய். தோட்டத்து ஆட்களுக்குச் சேமநிதி, பென்ஷன் பாரம் நிரப்புவது, காய்கறித் தோட்டக்காரர்களுக்குக் கணக்கு எழுதுவது, இதுதான் தொழில் என்று சிநேகிதிகள் நாம் இருவரும் முடிவு செய்திருந்தோம். ஓடாவிட்டால் திரும்பிப் போய்விடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாய். எனக்கோ இந்தத் தானா ராத்தா மலையூரை விட்டால் போக வேறு இடமில்லை. நீ கம்பளம் கேட்டாய். பெர்த்தாம் காய்கறித் தோட்டத்திலிருந்து சேற்று பூட்சோடு வருகிறவன் அதில் எப்படிக் கால் வைப்பான் என்று நான் கேட்டேன். நான் வெறும் சிமெண்டுத் தரை போதும் என்றேன். "உங்க அப்பா வீட்டுக் கொட்டாயா இது?" என்றாய். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசியில் நடுவில் வந்து நின்றோம். துடைத்தால் சேறு போகிற பிளாஸ்டிக் தரை, ஒழுங்கான கூரை, நல்ல வெளிச்சம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நமக்குள் சண்டையே வரவில்லை. உயரமான கவுண்டர், அதன் மேல் கண்ணாடி, கண்ணாடியில் கையகல ஓட்டை. ஆபீஸ் என்றால் அப்படித்தானே இருக்கும்? நாம் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியார் அப்படி ஒரு ஓட்டைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். நம் வீட்டு ஆட்கள் வெளியே வரிசையில் நின்று, குனிந்து, அதற்குள் பேசினார்கள். தச்சர் அளவெடுத்தபோது இரண்டு பேரும் சேர்ந்தே தலையாட்டினோம். நம் புத்தியை என்ன சொல்வது.

ஆட்கள் வந்தார்கள். சுவரோரம் நாற்காலி போட்டிருந்தும் ஒருவரும் உட்காரவில்லை. செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு, அந்தக் குளிர்ந்த தரையில் நின்று, ஓட்டையில் வாய் வைத்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். பின்னால் நிற்கிறவருக்குக் கேட்குமே என்று பாதியை விழுங்கினார்கள். ஒரு பெரியவர் அடையாள அட்டையில் தன் பெயர் வேறு மாதிரி இருப்பதைச் சொல்லவே இல்லை. அவர் மனு திரும்பி வந்தது. அப்படி இன்னும் சில திரும்பின. வெளியே நம் பெயர் கெட்டது. ஆட்கள் குறைந்தார்கள். நீ பழைய முதலாளிக்குப் போன் போட்டு விசாரித்தது எனக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஒரு மதியம் உன் அம்மா வந்தார். நீ தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாய். அவர் வரிசையின் கடைசியில் நின்று, தன் முறை வந்ததும் குனிந்து, அந்த ஓட்டை வழியாக, "பசியாறிட்டியாம்மா?" என்றார். கையில் தூக்குச்சட்டி. அது ஓட்டைக்குள் நுழையாது. என்ன செய்வதென்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். நீ எழுந்து சுற்றிக்கொண்டு வெளியே போய் அதை வாங்கினாய். அவர் போனபிறகும் வெளியிலேயே, அவர் நின்ற இடத்தில் நின்று, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் தச்சரை வரச் சொன்னாய். புதுக் கண்ணாடியைப் போய் கழற்றுவதா என்று நான் கத்தினேன்.

"எங்கம்மா என்னப் பாக்கறதுக்கு வரிசையில நிக்கிறாங்கடி. எனக்கு இது வேணாம்லா," என்றாய். உன் குரல் உடைந்ததை நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

கவுண்டரை மேசை உயரத்துக்கு அறுத்தோம். நாற்காலிகளைச் சுவரிலிருந்து மேசைக்கு இழுத்தோம். வருகிறவருக்கும் நமக்கும் ஒரே மாதிரி நாற்காலி. கதவை மூடி ஒருவர் ஒருவராகப் பேசினோம். அந்தப் பெரியவர் மறுபடி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார், பிறகு பெயர்க் கதை முழுவதையும் சொன்னார். நீ கோலாலம்பூருக்குப் போகவில்லை.

இன்று கண்ட்ராக்டர் அந்தக் காலி அறையில் நின்று, "கவுண்டர் எந்தப் பக்கம் வைக்கட்டும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது உன் அம்மா படியேறி வந்தார். இப்போது தூக்குச்சட்டி எனக்காக வருகிறது. செருப்பைக் கழற்றவில்லை. நேராக அறை நடுவுக்கு வந்து சுற்றிலும் பார்த்தார். சாயம் உரிந்த சுவர், தொங்கும் வயர், வேறொன்றும் இல்லை.

"எல்லாம் சரி. நான் எங்க உக்கார்றது?" என்றார்.

கண்ட்ராக்டரைக் கைப்பேசியை உள்ளே வைக்கச் சொன்னேன். முதலில் அம்மா உட்காரும் நாற்காலிக்கு இடம் குறித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு பேசலாம் என்றேன்.