தாய்மொழி: தெலுங்கு

12-6-1968, புதன்

சரோஜாவுக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது, தெலுங்குப் பிரிவில். என் மகள் பதினோரு வகுப்பும் தமிழில் படித்தவள். தெலுங்கு பேசுவாள், ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. விண்ணப்பத்தில் தாய்மொழி என்ன என்று கேட்டிருந்தார்கள். வீட்டில் பேசுவதை நானே அழகான கையெழுத்தில் எழுதினேன்.

இன்று கிருஷ்ணகிரிக்குப் போய்ப் பயிற்சிப் பள்ளி அலுவலகத்தில் முறையிட்டேன்.

"வூட்ல என்னா பேசறீங்க?" என்றார் குமாஸ்தா.

"தெலுங்கு."

"அப்பறம் என்னாங்க கொற? தமிழ்ப் பிரிவு ரொம்பிப் போச்சு. திங்கக்கெழம வந்து சேரச் சொல்லுங்க, இல்லன்னா இதுவும் போயிடும்."

பொய் எழுதியிருந்தால் அவளுக்குத் தமிழிலேயே இடம் கிடைத்திருக்கும்.

கல்லூரி, பட்டம், பிறகு பி.டி. என்னும் ஆசிரியர் பட்டம் என்றால் ஐந்து வருடம். டாக்டர் சொன்னதைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு காலம் இல்லை. அதனால்தான் இந்த இரண்டு வருடப் பயிற்சியைத் தேர்ந்தெடுத்தேன். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை.

வரும் வழியில் ஒரு தெலுங்கு அரிச்சுவடி வாங்கி வந்தேன். சாப்பிட்டதும் அதைப் பிரித்து உட்கார்ந்தாள்.

"நைனா, இந்த ரெண்டு எழுத்தும் ஒண்ணு போலவே இருக்குதே, எது 'அ', எது 'ஆ'?"

பிழையில்லாத தெலுங்கில்தான் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.