குழாயடியில் நிற்க வேண்டாம், அப்பா

கறிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு எப்போதும் பின்பக்கமே போன என் அன்பு அப்பாவுக்கு,

நேற்று உங்களுக்கு வருசப் படையல் போட்டு முடித்தோம். வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். காலையிலிருந்து பாத்திரம் கழுவினேன், கூடத்தைத் துடைத்தேன், துடைத்த இடத்தையே இன்னொரு தடவை துடைத்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. நீங்கள் வந்தீர்களா, இல்லையா? அதை மட்டும் யாராவது சொன்னால் நிம்மதியாக வேலைக்குப் போவேன்.

எல்லாம் அம்மாவின் கனவில் ஆரம்பித்தது. கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் நான் ஷிஃப்டில் இருக்கும்போது போன் எடுக்க முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு விடாமல் அடித்திருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் பார்த்துவிட்டுப் பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

"உங்கப்பா கனவுல வந்தாருடி" என்றாள்.

"வந்து என்னம்மா சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லல. பின்னாடி குழாயடியிலயே நிக்கிறாரு. தலையெல்லாம் ஈரம், கையில அந்தச் சட்டி. உள்ள வாங்கன்னு கூப்புடுறேன், வரமாட்டேங்கிறாரு. செல்வி, படையலுக்கு முயல் வைக்கணும்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வருசம் முயல்கறி என்ற சொல்லையே வீட்டுக்குள் விடாதவள் இவள். எஸ்டேட் வீட்டில் நீங்கள் கூண்டு கட்டி வளர்த்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றை அடித்தால், அடுப்படிப் பக்கம்கூடப் போக உங்களுக்கு அனுமதி கிடையாது. பின்னால் மூன்று செங்கல், ரப்பர் விறகு, உங்களுக்கென்று தனிச் சட்டி. பிரட்டல் செய்து, அங்கேயே குந்தித் தின்றுவிட்டு, குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டால்தான் வாசல்படி மிதிக்கலாம். கம்பியில் உங்களுக்கென்று ஒரு துண்டு தொங்கும். அதையும் அவள்தான் துவைத்துப் போடுவாள், முணுமுணுத்துக்கொண்டே.

இத்தனைக்கும் அவள் சைவம் இல்லை. தோட்டத்தில் காட்டுப்பன்றி அடித்துப் பங்கு போட்டால் முதல் ஆளாகப் பாத்திரத்தை நீட்டுவாள். "பன்னி திங்கிற, முயலு திங்க மாட்டியா?" என்று நீங்கள் சீண்டுவீர்கள். அவளும் விடமாட்டாள். "பன்னி வேற. இது மடியில ஏறி உக்காருதுல்ல?" என்பாள். சிரித்துக்கொண்டே சட்டியோடு வெளியே போவீர்கள். நானும் பின்னாலேயே வருவேன். சாப்பிட்டுவிட்டு உங்களோடு குளித்துவிட்டு வந்து நிற்பேன். பொம்பளைப் பிள்ளையைக் கெடுக்கிறீர்கள் என்று அதற்கும் உங்களுக்குத்தான் திட்டு விழும்.

கூலிமுக்கு வந்த பிறகு அதெல்லாம் நின்றுபோனது. இந்தத் தாமான் குடியிருப்பில் வரிசை வீட்டின் பின்னால் நாலடி சிமெண்டுத் தரையும் ஒரு குழாயும்தான். அதில் செங்கல் வைத்து விறகு எரித்தால் பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார். கூண்டில் மிஞ்சியிருந்த ஒரே குட்டியை நீங்கள் என் மகள் யாழினியிடம் கொடுத்தீர்கள். அவள் அதற்கு மோச்சி என்று பெயர் வைத்தாள். "இது ஒனக்கு. இத யாரும் தொடக்கூடாது, என்னையும் சேத்துத்தான்" என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சத்தியம் இப்போது என்னைப் படுத்திய பாடு உங்களுக்குத் தெரியுமா?

பாட்டியின் கனவைச் சொன்னதும் யாழினி கொதித்துவிட்டாள்.

"தாத்தா ப்ராமிஸ் பண்ணாரு லா. முயல தொடமாட்டேன்னு."

"மோச்சிய தொடமாட்டேன்னுதான்டி சொன்னாரு."

"மோச்சியும் முயலுதானே மா? நீ சாப்ட்டிருக்கியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "சாப்ட்டிருக்கேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது? முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "முயலு வச்சீங்கன்னா நான் சாமி கும்புட வரமாட்டேன். தாத்தாகிட்ட நீயே சொல்லிரு."

பாருங்கள் அப்பா, என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள். முயல் வைத்தால் பேத்தி வரமாட்டாள். வைக்காவிட்டால் நீங்கள் வெளியிலேயே நிற்பதாக அம்மா அழுவாள். உங்கள் செல்லப் பேத்தி கும்பிடாத படையலுக்கு நீங்கள் வருவீர்களா? குழாயடியில் உங்களை விட்டுவிட்டு அம்மாவால்தான் இலை முன்னால் உட்கார முடியுமா?

மனசு கேட்காமல் கேன்டீனில் ஒவ்வொருவராகக் கேட்டேன். என்னோடு வேலை செய்கிற மலாய்ப் பெண் ரோஸ்னா யோசிக்கவே இல்லை. "சாத்தே ஆர்னாப் செடாப், காக்" என்றாள். குச்சியில் குத்திச் சுடுகிற முயல் சாத்தே அப்படி ருசியாக இருக்குமாம், அவள் கணவர் தேடிப் போய்ச் சாப்பிடுவாராம். மெய் லிங், சீனர் கணக்கில் தான் முயல் வருடத்தில் பிறந்தவள், தன்னையே எப்படித் தின்பது என்று சிரித்தாள். நம் தமிழ்ப் பெண் ஒருத்தி, புதிதாகச் சேர்ந்தவள், முகத்தைச் சுளித்தாள். "அய்யோ அக்கா, எவ்ளோ கியூட்டா இருக்கும். எப்படி மனசு வருது?" என்று கோழிக்காலைக் கடித்துக்கொண்டே கேட்டாள். எனக்கு ஒருவரும் வழி சொல்லவில்லை.

ஜித்ராவிலிருந்து தம்பி சேகர் போனில் ஒரு வழி சொன்னான், அவன் புத்தி உங்களுக்குத் தெரியாததா. "கோழிய பிரட்டி வச்சிட்டு முயலுன்னு சொல்லிருவோம்க்கா. அப்பாவுக்கு என்ன தெரியப்போவுது?" ஸ்பீக்கரில் போட்டிருந்தது என் தப்பு. அம்மா கேட்டுவிட்டாள்.

"உசுரோட இருந்தப்ப வெளிய நிக்க வச்சேன். செத்த பெறகு ஏமாத்தவும் சொல்றியாடா?" என்றாள்.

படையல் அன்று காலை, சேகர் தன் வீட்டுக்குப் பக்கத்தில் முயல் வளர்க்கிற ஒரு மலாய்க்காரரிடம் வாங்கி, துண்டு போட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். யாழினி பெட்டியைப் பார்த்தாள். மோச்சியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பூட்டுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. உங்கள் மாப்பிள்ளை, வாழையிலை வாங்கி வருகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இலை முந்தின நாளே வாங்கி வைத்தாயிற்று.

நான்தான் சமைப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னை அடுப்பிலிருந்து நகர்த்திவிட்டாள். உங்கள் பழைய சட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தாள். அதை எஸ்டேட்டிலேயே தூக்கிப் போட்டுவிட்டதாக அல்லவா நான் நினைத்திருந்தேன்! கேஸ் அடுப்பில், அவளுடைய அடுப்பில், அந்தச் சட்டியை வைத்தாள். சேகர் போனில் ஏதோ சமையல் வீடியோ தேடினான்.

"அத மூடு" என்றாள். "மஞ்சள் போட்டு மொதல்ல வெறுமனே பிரட்டணும். தண்ணி ஊத்தக்கூடாது, அதுவே தண்ணி விடும். அது வத்துனாத்தான் கவிச்சி போவும். பெறவுதான் வெங்காயம், கறித்தூளு, எல்லாம். கடைசில மெளகு தட்டிப் போடுவாரு."

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஜன்னல் வழியா வேற என்னத்தப் பாத்தேன் அத்தன வருசமா?"

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிண்டினாள். கண்ணில் நீர் வந்ததற்கு நெடி காரணமா, நீங்கள் காரணமா என்று நான் கேட்கவில்லை.

இலை போட்டோம். உங்களுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை, ஒரு ஸ்டௌட் பீர் பாட்டில், நடுவில் முயல் பிரட்டல். எல்லாரும் முன்வாசலைத் திறந்து வைப்பார்கள். அம்மா பின்கதவைத் திறந்தாள். குழாயடி அங்கேதானே இருக்கிறது. இந்த வீட்டிலும் கம்பியில் அவள் தொங்கவிட்டிருந்த உங்கள் துண்டையும் உருவி எடுத்துக்கொண்டு வந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். சூடம் ஏற்றச் சேகர் தீப்பெட்டியை எடுத்தான். நான் அறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். போய்த் தட்டவா, வேண்டாமா? அதட்டி இழுத்து வந்தால் நீங்கள் என்னைத்தான் முறைப்பீர்கள்.

அம்மா போனாள். கதவைத் தட்டவில்லை. வெளியே நின்று, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். "யாழினி, பாட்டியும் இத சாப்புட்டதில்ல. எனக்கும் மனசு வந்ததில்ல. அதுக்காக ஒந்தாத்தாவ வெளிய நிக்க வச்சிட்டேன். நீ வரலன்னா பரவால்ல. கதவ மட்டும் பூட்டாத."

பிறகு தாழ்ப்பாள் விலகியது. யாழினி மோச்சியை உள்ளேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். கையில் ஒரு கட்டு கங்கோங் கீரை. மோச்சிக்காக வாங்கி வைத்திருந்தது. நேராகப் போய், கழுவாத அந்தப் பச்சைக் கீரையை உங்கள் இலையில், முயல் கறிக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

"என்னடி இது?" என்றேன்.

"தாத்தா வந்தா மோச்சிக்குக் குடுப்பாரு. அவருக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். ஒங்களுக்குத் தெரியாது."

தெரியுமே அப்பா. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், கூண்டு முன்னால் குந்திக்கொண்டு ஒவ்வொரு தண்டாக நீட்டுவீர்கள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள். பெயர் வைத்துவிட்டு எப்படி அடித்தீர்கள்? அடிக்கிற அன்று காலையில் ஏன் யாரிடமும் பேசமாட்டீர்கள்? அன்றைக்கெல்லாம் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, இப்போது கேட்க ஆளில்லை.

சூடம் காட்டிக் கும்பிட்டோம். யாழினியும் கும்பிட்டாள், கறி இருந்த பக்கத்தைக் கும்பிட்ட கையாலேயே மறைத்துக்கொண்டு. கோத்தா கோலா மூடாவில் உங்கள் அஸ்தியைக் கரைத்த அன்று அழாத பெண், நேற்று அழுதாள்.

அதற்குப் பிறகுதான் சங்கடம். படைத்ததை வீட்டுக்காரர்கள் பகிர்ந்து சாப்பிட வேண்டும், கொட்டக்கூடாது. மற்றதெல்லாம் காலியாகிவிட்டது. முயலைத் தொட ஆளில்லை. சேகர் தனக்கு வயிறு சரியில்லை என்றான். மாப்பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் உங்கள் தட்டிலிருந்து பிடுங்கித் தின்றவள் நான். ஒரு துண்டை எடுத்தேன். யாழினி பார்த்துக்கொண்டிருந்தாள். கை வாய்க்குப் போகவில்லை, திரும்ப வைத்துவிட்டேன்.

அம்மா இலை முன்னால் உட்கார்ந்தாள். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். விழுங்கினாள். இன்னொரு துண்டு எடுத்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதுக்கா அந்த மனுசன ஈரத்தோட நிக்க வச்சேன்?"

அதிலிருந்துதான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேற்று அவள் நன்றாகத் தூங்கினாள், கனவு வந்ததா என்று காலையில் கேட்டதற்கு இல்லை என்றாள். அது நல்லதா, கெட்டதா? நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தமா? இல்லை, மனம் ஆறிப்போய் ஒரேயடியாகப் போய்விட்டீர்களா? ஒருவேளை உங்களுக்குப் பிடித்தது முயலே இல்லையோ? திட்டு வாங்கிக்கொண்டு வெளியே போய், யாரும் கேள்வி கேட்காத அந்த ஒரு பொழுது உட்கார்ந்திருப்பதுதான் பிடித்ததோ? அப்படியென்றால் உள்ளே கூப்பிட்டு அதைக் கெடுத்துவிட்டோமா, அப்பா?

எப்படியானாலும் ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த வருசம் முயல் வைப்போமா, கீரை மட்டும் வைப்போமா என்று இப்போது சொல்ல முடியாது. யாழினியும் பாட்டியும் அதற்குள் எத்தனை சண்டை போடுவார்களோ. ஆனால் பின்கதவு திறந்திருக்கும். துண்டு இனிமேல் வெளியே தொங்காது, உள்ளேதான் இருக்கும். வெளியே உட்கார்ந்திருக்க ஆசைப்பட்டால் உட்கார்ந்துவிட்டே வாங்கள். குளிக்க மட்டும் வேண்டாம். சட்டியோடு அப்படியே உள்ளே வாங்கப்பா, அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள்.

ஈரத்தலையோடு உங்கள் பின்னால் நின்ற மூத்த மகள்,
செல்வி