நோட்டின் நாலு மூலையில் மஞ்சள்

மேலகரம்
ஆடி 6

மகளே,

அத்தை எழுதுகிறேன். சௌபாக்கியவதி என்று தொடங்கிப் பழகிய கை. இப்போது எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

பர்மா சண்டையிலிருந்து என் மகன் உனக்கு அனுப்பினானே, அமெரிக்கச் சிப்பாய் கொடுத்த பழைய டாலர் நோட்டு, அதன் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது நான்தான். அது உனக்கும் தெரியும். நல்ல சேதியோடு வந்த காகிதமென்று சாமி முன்னால் வைத்துத் தடவினேன். அவன் சுகமாகத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன்.

அவன் இல்லை என்று தந்தி வந்த பிறகு மாமா அதைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோனார். சீசனுக்கு வந்திருந்த வக்கீல் இப்படிப்பட்ட பழைய நோட்டுகளைச் சேர்க்கிறவராம். "ஒரு சின்ன ஊரு பேங்க் தன் பேருல போட்ட நோட்டு அண்ணாச்சி. அந்தப் பேங்க்கே இப்ப இல்ல. மேனேஜர் மையால போட்ட கையெழுத்துகூட அழியல. மஞ்சக்கறை இல்லன்னா நூறு ரூவா தருவேன். இப்ப இருபதுக்கே யோசிக்கணும்" என்றாராம்.

மாமா வந்து உன்னைத்தான் பிடித்தார். "புருஷன் அனுப்புன ஒரு காயிதத்தைக் காப்பாத்தத் தெரியல, நீயெல்லாம் என்னட்டி பொம்பள?" நீ என்னைப் பார்த்தாய். காட்டிக்கொடுக்கவில்லை. நான் குனிந்து அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் நீ சுந்தரபாண்டியபுரத்துக்கு, உன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாய்.

மஞ்சள் தடவியது நான்தான் என்று நேற்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். சாப்பிடாமல் படுத்தார். இன்று காலையில் வண்டி பூட்டுகிறார். "எங்க போறிய?" என்றேன். "அந்தப் பிள்ளையப் பாக்க" என்றார்.

இந்தக் கடிதமும் உன் நோட்டும் அவர் கையில்தான் வருகின்றன. மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வராது. நீ அவரோடு திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை, அவரை வாசலில் நிற்க வைக்காதே. நிற்க வைக்க வேண்டியது என்னைத்தான்.

உன் அத்தை