தலைகீழ் இல்லாத பட்டியல்

2025 ஏப்ரல் 22
மின்வெட்டு. ஆய்வுகூடத்தில் ஒன்றும் ஓடவில்லை, ஏறாவூருக்கு வந்துவிட்டேன்.
மாதிரிகளில் பதினேழாம் இலக்கம்தான் இன்னும் தெளிவாக நிற்கிறது. அது என் அண்ணன், ஹில்மி காக்காவின் சலம். சிறுநீரகம் கெடுவதற்கு இரண்டு வருடம் முன்பு தந்த சிறுநீர். அப்போதே அதில் ஒரு பெப்டைட், ஒரு புரதத் துண்டு, தெரிகிறது! பிறகு நோயில் விழுந்த இன்னும் எட்டு விவசாயிகளிடமும் அதேதான். பிழையாக இருக்க நூற்றுக்கு ஒரு வாய்ப்பு என்கிறது கணக்கு.
காக்காவிடம் சொன்னேன். "அப்ப என்ட வருத்தத்தால ஊருக்கு ஒரு நன்மை இரிக்கி" என்றார். டயலிசிஸ் செய்யும் தாதிமாருக்கெல்லாம் சொல்லித் திரிகிறாராம்.

ஏப்ரல் 30
கட்டுரை அனுப்பினேன்.

மே 15
முட்டாள். முட்டாள் நான்.
இயந்திரம் தரும் பெப்டைட் எடைகளைப் புரதப் பட்டியலோடு பொருத்துகிறோம். பட்டியலில் ஒவ்வொரு புரதத்தையும் அதன் அமினோ அமில வரிசையைத் தலைகீழாக்கியும் சேர்ப்பது வழக்கம். தலைகீழானது எந்த உடம்பிலும் இல்லை. அதில் எத்தனை 'கிடைத்தது' என்று வருகிறதோ, உண்மையானவற்றிலும் ஏறத்தாழ அத்தனை பொய். டிசம்பரில் பன்னிரண்டாயிரம் மாற்றுப் புரதங்களை நானாகச் சேர்த்தேன் — தலைகீழாக்க மறந்துபோனேன். பொய்யைக் காட்டிக்கொடுக்க அங்கே ஒன்றுமே இல்லை. காக்காவின் பெப்டைட் அந்தப் பன்னிரண்டாயிரத்துக்குள்தான்.
சரிசெய்து திரும்ப ஓடவிட்டேன். அந்தப் பகுதியில் பிழை நூற்றுக்கு முப்பத்தொன்று. காக்காவின் பெப்டைட் முடிவிலிருந்து விழுந்துவிட்டது.
சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே.

மே 18
கட்டுரையை மீளப் பெற்றேன். காக்காவிடம் எந்த வாயால் சொல்ல? அவருக்கு மிச்சமிருக்கும் சந்தோஷமே அதுதான்.

மே 23
சொன்னேன். காக்கா எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "போத்தல் இரிக்கா? திரும்பவும் சலம் தாறன்."
குளியலறைக்குள் அரை மணித்தியாலம். அவர் மனைவி ஸஹீதா மச்சி கதவைத் தட்டிய பிறகுதான் வந்தார். போத்தல் காய்ந்து கிடந்தது.
"ஒரு சொட்டும் வருகுதில்ல புள்ள."
அழுதார். நான் பிறந்ததிலிருந்து காக்கா அழுது பார்த்ததில்லை. 

ஜூன் 29
காக்கா மவுத்தாகி, அடக்கம் செய்து இன்று ஐந்து நாள். அவரோடு வட்டையில் வயல் செய்த ஒன்பது பேர் வந்து, சலம் தரத் தங்கள் பெயரை எழுதச் சொன்னார்கள். போன முறை நான் பிழைவிட்டதைச் சொன்னேன். இந்த முறையும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம் என்றேன்.
அசனார் நானா என்னை நிமிர்ந்து பார்த்தார்.
"அதையும் ஹில்மி சொன்னான் புள்ள. 'பிழையெண்டா பிழையெண்டு சொல்லுவா என்ட தங்கச்சி, நம்பிக் குடுங்க' எண்டான்."